தூக்க மருந்து கொடுத்து எடுத்த டெஸ்ட்டில் ‘அலை இல்லை’ என்று வந்தால்

கேள்வி: மேடம், நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். பையனுக்கு 2 வயது 7 மாதம். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான், மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றினார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கிற ஓஏஈ டெஸ்ட்டில் இரண்டு காதும் பாஸ். ஆனால் 9 மாதத்தில் ஒரு தடவை, 2 வயதில் ஒரு தடவை காது நரம்பைப் பார்க்கிற பெரா டெஸ்ட் எடுத்தும் 90 டெசிபலில் கூட அலை வரவில்லை. பத்து மாதமாகக் காது மெஷின் போடுகிறோம், பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான். நாய் குரைத்தால் திரும்புகிறான், அப்பா பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நாள் திரும்புவான், ஒரு நாள் திரும்பவே மாட்டான். ‘அம்மா’, ‘தா’ இரண்டும்தான் பேச்சு. போன மாதம் வெளியூர் போய் மூளையில் பதிகிற லேட் ரெஸ்பான்ஸ் டெஸ்ட் எடுத்தோம். சிரப் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். பாதியில் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான், பிடித்துக்கொண்டு மீதியை முடித்தார்கள். இடது காதில் அலை இல்லை, வலது காதில் சந்தேகம் என்று ரிப்போர்ட். மூளைக்கே சத்தம் போகவில்லை, காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன் செய்தாலும் பிரயோஜனம் இருக்காது என்று சொன்னார்கள். நிஜமா? மெஷினை நிறுத்திவிடலாமா? பி300 என்று இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் எடுக்கவா? கர்ப்பத்தில் நான் எஸ்டேட் வேலைக்குப் போனதால்தான் இப்படி என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி, ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது வரைக்கும் படித்துவிட்டேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்கள் பையனின் மூளைக்குச் சத்தம் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போகிறது என்றும் சொல்ல முடியாது. அது எதற்குமே பதில் சொல்லாத ரிப்போர்ட். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த தடவை டெஸ்ட்டுக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் சொல்வதாக நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் முடித்துவிடுகிறேன். எஸ்டேட் வேலைக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்தம் மாற்றுகிற அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறினால் ரத்தத்தில் சேர்கிற பிலிருபின் என்கிற மஞ்சள் நிறப் பொருள் மூளைத்தண்டில் காது சம்பந்தப்பட்ட இடங்களையும் காது நரம்பையும் பாதிக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஓஏஈ பாஸ், பெராவில் ஒன்றுமே இல்லை, சத்தத்துக்குத் திரும்புவது நாளுக்கு ஒரு மாதிரி என்று நீங்கள் எழுதியது எல்லாம் சேர்ந்து ஆடிட்டரி நியூரோபதி என்கிற நிலையைத்தான் காட்டுகிறது. இதை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த நிலையில் என்ன நடக்கிறது? காதுக்குள் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில் உள்ள வெளி ரோமசெல்கள் நன்றாக வேலை செய்கின்றன, அதனால்தான் ஓஏஈ பாஸ் ஆகிறது. ஆனால் அங்கிருந்து சத்தத்தை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கும் இடத்திலோ நரம்பிலோ சிக்கல். நரம்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே கணத்தில் சேர்ந்து துடிக்க வேண்டும், அந்த ஒற்றுமை கலைந்துபோகிறது. கோலாட்டத்தில் எல்லாருடைய குச்சியும் ஒரே நேரத்தில் பட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் தெளிவாகக் கேட்கும், ஆளுக்கு ஒரு நேரத்தில் தட்டினால் அத்தனை குச்சி தட்டியும் தாளம் பிடிபடாது. பெரா பார்ப்பது அந்த ஒற்றை ‘டக்’கைத்தான். சத்தம் கொடுத்த முதல் 10 மில்லி செகண்டுக்குள் காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் வரும் அலைகள் அவை, ஒவ்வொன்றும் ஒரு மில்லி செகண்ட் அகலம்கூட இருக்காது, உயரம் அரை மைக்ரோவோல்ட் இருந்தாலே நல்ல அலை. இழைகள் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் முன்னே பின்னே துடித்தாலே போதும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு தட்டையாகிவிடும். அதனால் உங்கள் பையனுக்கு பெராவில் 90 டெசிபலில் அலை வராததை ‘90 டெசிபல் கூடக் கேட்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அப்பா பைக் சத்தத்துக்கு அவன் ஓடுகிறானே, அதுவே போதுமான சாட்சி.

லேட் ரெஸ்பான்ஸ் அப்படியில்லை. அது இன்னும் மேலே, மூளையின் மேல்பகுதியில், காதுக்கு நேர் உள்ளே இருக்கும் கேட்கும் பகுதியிலிருந்து வருவது. பெரியவர்களுக்குச் சத்தம் கொடுத்து சுமார் 50 மில்லி செகண்டில் பி1 என்று ஒரு சிறு மேடு, 100-ஐ ஒட்டி என்1 என்று ஒரு பள்ளம், 200-க்குப் பக்கத்தில் பி2 என்று மறுபடி ஒரு மேடு. ஒவ்வொன்றும் பல பத்து மில்லி செகண்ட் அகலமானது. இவ்வளவு அகலமான அலைக்கு ஒன்றிரண்டு மில்லி செகண்ட் பிசகெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் பெராவில் ஒன்றுமே இல்லாத சில பிள்ளைகளுக்கு இதில் அலை அழகாக வருகிறது. உங்களை இந்த டெஸ்ட்டுக்கு அனுப்பியவர் சரியான டெஸ்ட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார். எடுத்த விதத்தில்தான் கோளாறு.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. மனிதர் விழித்திருக்கும்போது சத்தத்துக்கு மூளை மின்சாரத்தில் மாற்றம் வருவதை முதன்முதலில் பதிவு செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பாலின் டேவிஸ், 1939-ல். ஜூவெட்டும் வில்லிஸ்டனும் பெராவைப் பற்றி விரிவாக எழுதியது 1971-ல்தான், ஆக லேட் ரெஸ்பான்ஸ் அதற்கு முப்பது வருடம் மூத்தது. 1960-களில் கம்ப்யூட்டர் வைத்து சராசரி எடுக்கும் வசதி வந்ததும் குழந்தைகளுக்குக் காது டெஸ்ட்டாக இதைத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் தூங்க வேண்டும், தூங்கினால் இந்த அலை மாறிவிடும், ஒரே பிள்ளைக்குக் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. தூக்கத்தால் பாதிக்கப்படாத பெரா வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதன் பலன் என்னவென்றால், ‘குழந்தைக்குக் காது டெஸ்ட் என்றால் சிரப் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும்’ என்கிற பழக்கம் நம் ஊர்களில் ஊறிப்போய்விட்டது. பெராவுக்கு அது சரி. லேட் ரெஸ்பான்ஸுக்கு அது தப்பு. தூங்கும்போது, அதிலும் மருந்துத் தூக்கத்தில், இந்த அலையின் உயரம், நேரம், வடிவம் மூன்றும் மாறும், சில பிள்ளைகளுக்குக் காணாமலே போகும்.

சரி, இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இடது காது முதலில் எடுத்திருக்கிறார்கள். அப்போது பையன் சிரப்பில் ஆழ்ந்து தூங்குகிறான். ஒரு தடவை சத்தம் கொடுத்து எடுப்பது ஒரு பதிவு. ஏற்றுக்கொண்ட பதிவு 100, நிராகரித்தது ஒன்றும் இல்லை. சத்தம் கொடுத்த வேகம் வினாடிக்கு 2.1. கோடு தட்டை, ‘அலை இல்லை’. நல்ல காது கேட்கும் பிள்ளையைக்கூட இப்படி மருந்து கொடுத்து, இந்த வேகத்தில் சத்தம் கொடுத்து எடுத்தால் இதே கோடு வரலாம். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த அலை ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி முழு உயரத்துக்கு வர நேரம் எடுக்கும், பெரியவர்களின் என்1 முழுசாகத் தேறுவதற்குப் பல வினாடிகள்கூட ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்பதால் ஒன்று அல்லது ஒன்றரை வினாடிக்கு ஒரு சத்தம் என்று சமரசம் செய்துகொள்கிறோம். வினாடிக்கு இரண்டு என்று முடுக்கினால் டெஸ்ட் சீக்கிரம் முடியும், அலையும் சுருங்கும்.

வலது காது அதைவிடச் சிக்கல். அதற்குள் பையன் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். ஏற்றுக்கொண்டது 34, நிராகரித்தது 70. அதாவது மூன்றில் இரண்டு பங்கு பதிவை அழுகை, அசைவு, கண் இமைப்பு காரணமாக டெஸ்ட் எடுக்கும் கருவியே வேண்டாம் என்று தள்ளிவிட்டது. மிஞ்சிய 34-ஐ வைத்து சராசரி போட்டிருக்கிறார்கள். கணக்கு இப்படி: மூளையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் நம் டெஸ்ட்டுக்கு இரைச்சல். சராசரி எடுக்க எடுக்க அது குறையும், ஆனால் பதிவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தக்கபடிதான் குறையும். இரைச்சல் 30 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால் 100 பதிவில் 3 ஆகும், 34 பதிவில் 5-க்கு மேலேயே நிற்கும். சின்னப் பிள்ளையின் பி1 அலையே பெரும்பாலும் 5-லிருந்து 10 மைக்ரோவோல்ட்தான். அப்புறம் 240 மில்லி செகண்டில் ‘சந்தேகத்துக்குரிய அலை’ என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அது அலையாகவும் இருக்கலாம், அழுகையின் மிச்சமாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க வழி இருந்தது. அதே சத்தத்தை இன்னொரு தடவை கொடுத்து எடுத்து, இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. சத்தமே கொடுக்காமல் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது. சத்தம் இல்லாத கோட்டிலும் அதே மாதிரி மேடு வந்தால் அம்புக்குறியை எடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் இல்லை, ஒவ்வொரு காதுக்கும் ஒரே ஒரு கோடு.

என்னைக் கேட்டால், டெஸ்ட் நடந்தபோது பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்று எழுதாத லேட் ரெஸ்பான்ஸ் ரிப்போர்ட்டை வாங்கவே கூடாது. விழித்திருந்தானா, சொக்கினானா, தூங்கினானா, அழுதானா என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். எனக்கு இதில் வருத்தம் நிறைய உண்டு. ஒரு குடும்பம் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வெளியூர் போய் ஒரு தாளை வாங்கி வருகிறது, அந்தத் தாளில் ‘அலை இல்லை’ என்று இரண்டு வார்த்தை, அதை நம்பி மெஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் போடவில்லை, கேட்டு எழுதினீர்கள், நல்லது.

டெஸ்ட்டை மறுபடி எடுங்கள். இந்தத் தடவை விழித்திருக்க வைத்து. சேலத்தில் எடுத்தாலும் சரி, மைசூரில் மத்திய அரசின் பேச்சு, கேட்பு நிறுவனத்துக்குப் போனாலும் சரி, இடத்தைவிட எடுக்கிற முறைதான் முக்கியம். போனிலேயே முதலில் கேட்டுவிடுங்கள்: “விழித்திருக்கும்போது எடுப்பீர்களா? மெஷின் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் பேச்சுச் சத்தம் கொடுத்து எடுக்க முடியுமா?” இரண்டுக்கும் ஆமாம் என்றால் போங்கள்.

போகிற நாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதிலேயே டெஸ்ட் கெட்டுப்போகிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. சளி பிடித்திருக்கும் பிள்ளை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் காற்றழுத்தம் மாறி நடுக்காது அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்போடு டெஸ்ட் எடுத்தால் சத்தம் உள்ளே போவதே குறையும். வளைவில் வாந்தி எடுத்துக் களைத்துப்போய், பஸ்ஸில் தூங்கி, அரைத் தூக்கத்தில் ரூமுக்குள் வருகிற பிள்ளைக்கு விழிப்பு டெஸ்ட் எப்படி எடுப்பது? முடிந்தால் முந்தின நாளே இறங்கி, அஸ்தம்பட்டியிலோ அடிவாரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கி, காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிள்ளையைக் கூட்டிப்போங்கள். சளி இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள். டெஸ்ட்டுக்கு முன்னால் நடுக்காது அழுத்தம் பார்க்கும் டிம்பனோமெட்ரியை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், அதற்குச் சில நிமிடம்தான் ஆகும்.

ரூமுக்குள் நடப்பது இதுதான். உச்சந்தலையில் ஒன்று, காதுக்குப் பின்னால் எலும்பு மேட்டில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று மூன்று எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன் தோலைப் பேஸ்ட் போட்டுத் துடைக்க வேண்டும், அதனால் முந்தின நாளே தலைக்குக் குளிக்க வைத்து எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போனால் நல்லது. பையன் உங்கள் மடியில் உட்கார்ந்திருப்பான். முன்னால் சத்தம் இல்லாமல் கார்ட்டூன் ஓடும், அல்லது ஒருவர் பேசாமல் பொம்மையைக் காட்டிக்கொண்டிருப்பார். முறுக்கு, பிஸ்கட், லாலிபாப் எதுவும் வேண்டாம், தாடை அசைந்தால் அந்தத் தசையின் மின்சாரம் பதிவில் ஏறிவிடும். ஸ்பீக்கரில் ‘ம்’, ‘க்’, ‘ட்’ மாதிரி சின்னச் சின்னப் பேச்சுத் துண்டுகள் கொடுப்பார்கள். ‘ம்’ தாழ்ந்த ஒலி, ‘ட்’ கூர்மையான ஒலி, ‘க்’ நடுவில். சாதாரணமாகப் பேசுகிற 65 டெசிபலில் ஆரம்பித்து, அலை வந்தால் மெதுவாகப் பேசுகிற 55-க்கு இறங்குவார்கள், வராவிட்டால் 75-க்கு ஏறுவார்கள். ஒரு ஒலிக்கு 100 பதிவு எடுக்க இரண்டு நிமிடம் போதும். பிள்ளை சிணுங்கினால் நிறுத்திவிட்டு, சமாதானம் செய்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிடித்து அமுக்கி முடிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

வருகிற கோட்டை எப்படிப் படிப்பது? உங்கள் பையன் வயதில் பெரியவர்களுக்கு மாதிரி மூன்று அலை வராது, ஒரே ஒரு பெரிய மேடு, அதுதான் பி1. என்1 சரியாகத் தெரிய ஆரம்பிப்பதெல்லாம் பள்ளிக்கூட வயதில்தான், ஆகவே யாராவது ‘என்1 இல்லை’ என்று எழுதினால் கவலைப்பட வேண்டாம். அந்தப் பி1 எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்பதுதான் விஷயம். பிறந்த குழந்தைக்கு அது சுமார் 300-ல் வரும், சத்தம் கேட்டுக் கேட்டு மூளைப் பாதை தேறத் தேற முன்னே நகர்ந்து, 3 வயதில் 125-ஐ ஒட்டி, பெரியவர்களாகும்போது 60-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் அனு சர்மாவும் அவர் கூட வேலை செய்தவர்களும் இதைப் பல வருடம் அளந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் உங்களுக்கு மிகவும் தேவையானது ஒன்று: பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளுக்குச் சுமார் மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் வைத்தால், சில மாதங்களிலேயே பி1 அந்த வயதுக்குரிய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏழு வயதுக்கு மேல் வைத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. உங்கள் பையனுக்கு மூன்றரை ஆக இன்னும் 11 மாதம் இருக்கிறது. அதனால்தான் டெஸ்ட்டை மறுபடி எடுங்கள் என்று சொல்லும்போதே, அதைக் காரணமாக வைத்து மற்ற வேலையை நிறுத்தாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

மெஷின் போட்டுக்கொண்டு அலை வந்தால், மெஷின் கொடுக்கும் சத்தம் மூளையின் மேல்பகுதி வரை போய்ச் சேருகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். ‘புரிகிறது’ என்று அர்த்தம் இல்லை. மெல்போர்னில் கேரி ரான்ஸ் குழுவினர் 2002-ல் ஆடிட்டரி நியூரோபதி பிள்ளைகளைச் சோதித்தபோது, லேட் ரெஸ்பான்ஸ் வந்த பிள்ளைகளுக்கு மெஷினால் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் ஓரளவு இருந்தது, வராத பிள்ளைகளுக்கு அது இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களை மெஷின் பக்கமா, இம்பிளான்ட் பக்கமா என்று பிரித்துப் பார்க்க இந்த டெஸ்ட் உதவும் என்று நாங்கள் நம்புவது இதனால்தான். அலை வராவிட்டால்? விழிப்போடு, அமைதியாக, இரண்டு தடவை எடுத்தும் 75-ல் வரவில்லை என்றால் அதை முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அப்போதும் ‘கேட்கவில்லை’ என்று முத்திரை குத்தக் கூடாது, கேட்கிற சத்தத்துக்கும் அலை பதிவாகாத பிள்ளைகள் உண்டு. அலை வராததால் ஆபரேஷன் பயன்படாது என்று உங்களிடம் சொன்னதுதான் இதில் பெரிய தப்பு. கதை கிட்டத்தட்ட தலைகீழ். மெஷினோடு அலை வராத ஆடிட்டரி நியூரோபதி பிள்ளைக்குத்தான் இம்பிளான்ட்டை இன்னும் சீக்கிரம் யோசிக்கிறோம், ஏனென்றால் இம்பிளான்ட் நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டுகிறது, கலைந்துபோன ஒற்றுமை அதனால் பல பிள்ளைகளுக்குத் திரும்புகிறது.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, காது நரம்பு இருக்க வேண்டும். ஓஏஈ பாஸ், பெரா இல்லை என்கிற இதே படம் நரம்பு மெலிந்துபோன அல்லது நரம்பே உருவாகாத பிள்ளைகளுக்கும் வரும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். இதுவரை எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எம்ஆர்ஐ தூங்க வைத்து எடுக்கலாம், அதில் தப்பில்லை. உங்கள் பையனுக்கு அடுத்து எடுக்க வேண்டியவற்றில் எனக்கு முதல் வேலையாகப் படுவது இதுதான், லேட் ரெஸ்பான்ஸுக்கும் முன்னால்.

பி300 வேண்டாம். 1965-ல் சாமுவேல் சட்டன் குழுவினர் கண்டுபிடித்த அருமையான அலைதான் அது, ஆனால் ஒரே மாதிரி சத்தங்களுக்கு நடுவில் எப்போதாவது வரும் வேறு சத்தத்தைக் கவனித்து எண்ணினால்தான் அது ஒழுங்காக வரும். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் ‘எண்ணு’ என்று எப்படிச் சொல்வது? அந்தப் பணத்தை பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினை நிறுத்தாதீர்கள். ஆனால் அவன் பிடுங்கி எறிகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு உறுத்துகிறது. ஆடிட்டரி நியூரோபதியில் மெஷினின் சத்த அளவை பெராவை வைத்துப் போடக் கூடாது. ‘90-ல் அலை இல்லை’ என்பதைப் பார்த்து முழுக் காது கேளாத பிள்ளைக்குப் போடுகிற மாதிரி உச்சத்தில் வைத்திருந்தால், உண்மையில் 50-லேயே கேட்கிற பிள்ளைக்கு அது காதில் அறைகிற மாதிரி இருக்கும், பிடுங்கத்தான் செய்வான். பிள்ளை எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்று ரூமுக்குள் வைத்து, விளக்கு எரியும் பொம்மை வைத்துப் பழக்கி எடுக்கிற டெஸ்ட் இருக்கிறது, சத்தம் கேட்டதும் டப்பாவில் கட்டையைப் போடு என்று விளையாட்டாக எடுப்பதையும் இந்த வயதில் ஆரம்பித்துப் பார்க்கலாம். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும், இவனுக்கு நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு நாள் கணக்கை நம்பவும் கூடாது. அந்த எண்ணை வைத்து மெஷினைத் திருத்தச் சொல்லுங்கள். லேட் ரெஸ்பான்ஸ் அதற்குத் துணையாக நிற்கும், அதற்குப் பதிலாக நிற்காது. மலையில் மழைக்காலத்தில் இயர் மோல்டு (காதுக்குள் பொருந்தும் மெஷினின் அச்சு) குழாயில் ஈரம் கோத்துக்கொள்ளும், அதையும் பாருங்கள், இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

நீங்கள் நேரடியாகக் கேட்டதால் என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காமாலையால் வந்த ஆடிட்டரி நியூரோபதி சில பிள்ளைகளுக்கு முதல் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானாகவே தேறும், அதனால் அதுவரை பொறுத்துப் பார்ப்பது நியாயம். உங்கள் பையன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான், 2 வயதில் எடுத்த பெராவும் மாறவில்லை. பத்து மாதம் மெஷின் போட்டும் இரண்டு வார்த்தைதான் என்றால், மெஷின் சரியாகத் திருத்தப்பட்டு அதற்குப் பிறகும் மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், எம்ஆர்ஐயில் நரம்பு நன்றாக இருந்தால், நான் இம்பிளான்ட் பக்கம்தான் நிற்பேன், லேட் ரெஸ்பான்ஸில் அலை வந்தாலும்கூட. சத்தம் போய்ச் சேருவது வேறு, சேர்ந்ததிலிருந்து பேச்சு வளர்வது வேறு, நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் காட்டி, இம்பிளான்ட்டுக்குத் தகுதியா என்று பார்க்கச் சொல்லுங்கள். மறு டெஸ்ட்டும் இதுவும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

மறு டெஸ்ட் எடுத்ததும் கடைசி வரி முடிவை மட்டும் எழுதித் தரும் தாளோடு திரும்பி வராதீர்கள். எல்லாக் கோடுகளும் அச்சான பக்கங்களையும், ஒவ்வொரு கோட்டுக்கும் ஏற்றுக்கொண்ட, நிராகரித்த பதிவு எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள், எந்த ஒலி, எத்தனை டெசிபல், மெஷின் போட்டா போடாமலா என்றும் அதில் இருக்கட்டும். அந்த நேரத்தில் பையன் விழித்திருந்தானா, சிணுங்கினானா என்பதை ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் நீங்களே பேனாவால் குறித்து எனக்கு அனுப்புங்கள், எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் சேர்த்து.